ஏழாம் எண் உருளை

பழைய போனோகிராஃப் பெட்டிக்கு இரண்டு தலைகள் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் நடந்த கூத்து முழுவதும் எளிதாகப் புரிந்துவிடும்.

ஒன்று பேசும் தலை. சுழலும் மெழுகு உருளையின் மேல் அதை இறக்கினால், உருளையில் ஏற்கெனவே பதிந்திருக்கும் பாட்டையோ பேச்சையோ தடவி எடுத்து, தகரப் புனல் வழியாக வெளியே விடும். மற்றொன்று எழுதும் தலை. அதை இறக்கினால் பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வராது. புனலுக்கு முன்னால் யார் என்ன பேசுகிறார்களோ, அதை மெழுகில் கீறி வைத்துக்கொள்ளும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பித்தளை வட்டம், நடுவில் மெல்லிய கண்ணாடித் தகடு, அடியில் கடுகைவிடச் சிறிய ஒரு கல். பேசும் தலையின் கல் உருண்டை. எழுதும் தலையின் கல்லுக்கு விளிம்பு கூர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

என் பெட்டியின் இரண்டு தலைகளையும் பிரித்து, காய்ந்துபோன ரப்பர் வளையங்களை மாற்றி, இரண்டு வெள்ளை டப்பாக்களில் வைத்திருந்தேன். அவை பல்செட் வைத்துக் கொடுக்கும் டப்பாக்கள். நான் பல்செட் செய்பவள். நகரத்தின் ஆறு பல் டாக்டர்களுக்கு என் மேசையிலிருந்துதான் பல் போகிறது. காலையிலிருந்து மாலைவரை மெழுகில் ஈறு செதுக்குவதும் பல் பதிப்பதும்தான் என் பிழைப்பு.

எங்கள் லேபில் ஒரு விதி உண்டு. பெயரை மூடியில் எழுதாதே, டப்பாவில் எழுது. ஒருமுறை மூடிகள் மாறிப்போய், ஒரு பெரியவருக்கு வேறொருவருடைய பல் போய்விட்டது. அவர் அதை ஒரு வாரம் மாட்டிக்கொண்டு, வீட்டில் சமையல் கெட்டுப்போய்விட்டது என்று மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியது நான்தான்.

அப்படிப்பட்ட நான், என் வீட்டில், "பேசும் தலை" என்றும் "எழுதும் தலை" என்றும் அழகாக எழுதி, மூடியில் ஒட்டினேன்.

இனி லிஃப்ட்காரரைப் பற்றி. எங்கள் ஊரில் பழைய ஒலிப்பெட்டிகள் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. முப்பத்துநான்கு உறுப்பினர்கள். அதில் நானும் அவரும் உண்டு. பல மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எனக்கு நாற்பத்திரண்டு வயது, அவருக்கு நாற்பத்தாறு. அவருக்கு ஒரு கல்யாணம் நடந்து முறிந்து பத்து வருடம். எனக்கு நடக்கவே இல்லை. அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் கிடையாது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான். மூன்று வருடமாக அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். வந்தால் பெட்டியைப் பிரிப்போம், எண்ணெய் விடுவோம், மாட்டுவோம். போகும்போது, "அப்ப வரேன்" என்பார். மூன்று வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம், "ஸ்பிரிங்ல கிரீஸ் காஞ்சிருக்கு, மாத்தணும்" என்பது.

சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை "பெயரில்லா உருளை நாள்" வரும். சீட்டு ஒட்டாத, என்ன பதிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத உருளைகளை உறுப்பினர்கள் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றாக எல்லோர் முன்னிலையிலும் போட்டுப் பார்ப்பது வழக்கம். அதற்கு ஒரே நிபந்தனை: வீட்டில் முன்கூட்டியே போட்டுப் பார்த்திருக்கக் கூடாது. இந்த வருடம் லிஃப்ட்காரர் ஒரு மென்மெழுகு உருளையைக் கண்டுபிடித்து, அதைப் பட்டியலில் ஏழாம் எண்ணாகப் பதிந்துவிட்டு, சுத்தம் செய்து தரும்படி என்னிடம் கொடுத்தார்.

"தொடச்சா மட்டும் போதும்" என்றார்.

துடைத்தேன். வழவழவென்று இருந்தது. தடம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சில உருளைகளில் பதிவு அவ்வளவு மெலிதாக இருக்கும். வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் முன், ஆசை தாங்கவில்லை. ஒரே ஒரு தடவை, இரண்டே நிமிடம், யாருக்குத் தெரியப்போகிறது? "பேசும் தலை" என்று எழுதிய மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்து மாட்டி, சாவி கொடுத்து, உருளையின் மேல் இறக்கினேன்.

சத்தமே இல்லை. புனலுக்குள் காதை நுழைத்தேன். அப்போதுதான் அண்ணி டீயோடு வந்தாள். அண்ணன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுபவர். வீட்டில் பெரும்பாலும் நானும் அண்ணியும்தான். அண்ணியின் குரல் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டும்.

"என்ன, காலங்காத்தால இந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழற?"

"ஒண்ணும் வரல அண்ணி. ஊமையா இருக்கு."

"நகரு, நான் பாக்கறேன்." அண்ணி புனலுக்குள் வாயை வைத்தாள். "ஏய்! உள்ள யாராவது இருக்கீங்களா? இருந்தா வாயத் தொறங்க!"

"ஐயோ, அது காது வைக்கற எடம்."

"யாரு உருளை இது? அந்த லிஃப்ட்காரருதா?"

"ஆமா."

"அதான பாத்தேன். உன் உருளைன்னா பழைய துணியில ரெண்டு தேய் தேச்சுட்டுப் போயிருவ. இதுக்கு மட்டும் பஞ்சு, பிரஷ்ஷு, கொழந்தையக் குளிப்பாட்டற மாதிரி!"

"இது மென்மெழுகு அண்ணி. அப்படித்தான் தொடைக்கணும்."

"சுத்தி வளைக்காம கேக்கறேன். அந்த ஆள உனக்குப் புடிச்சிருக்கா, இல்லையா?"

நான் புனலின் இந்தப் பக்கம் காதை வைத்திருந்தேன், அண்ணி அந்தப் பக்கம். முகத்துக்கும் முகத்துக்கும் நான்கு விரல் இடைவெளி. அவ்வளவு கிட்டத்தில் பொய் சொல்ல வரவில்லை.

"புடிச்சிருக்கு."

"ஹா!"

"கத்தாதீங்க."

"என்ன புடிச்சிருக்கு சொல்லு. மீசையா?"

"மீசையா அது? ஷூவுக்குப் பாலிஷ் போடற பிரஷ்ஷு. அத எடுத்தா ஆள் பாக்கற மாதிரி இருப்பாரு. கைதான் அண்ணி. ஸ்க்ரூ கழட்டினா கழட்டின வரிசையிலயே மேசமேல அடுக்குவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. அதைப் பாக்கறப்ப எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணும்."

"ஊர்ல பொம்பளைங்க கண்ணப் பாத்து மயங்குவாங்க, தோளப் பாத்து மயங்குவாங்க. இவ ஸ்க்ரூ அடுக்கறதப் பாத்து மயங்கியிருக்கா!" அண்ணி சிரித்ததில் டீ சிந்தியது. "அப்ப போய்ச் சொல்லிர வேண்டியதுதான?"

"நானா? செத்தாலும் சொல்ல மாட்டேன். அவரா வந்து சொல்லட்டும், அன்னிக்கே சரின்னுருவேன். ஆனா அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள எனக்கே பல்செட் வந்துரும்."

"இது என்னடி, நூல் நூலா சுருண்டு வருது?"

உருளையின் மேல் முடியைவிட மெல்லிய இழைகள் சுருள் சுருளாக எழுந்துகொண்டிருந்தன.

"பூஞ்சை அண்ணி. ஊதி விடுங்க."

அண்ணி கன்னம் உப்ப ஊதினாள். இரண்டு நிமிடம் முடிந்து தலை ஓரத்தில் போய் நின்றது. நான் உருளையைக் கழற்றி அட்டைக் குழாயில் போட்டு, "வந்து கேட்டா குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு லேபுக்கு ஓடினேன். மெழுகைக் கீறினால் இழை சுருண்டு எழும் என்பது எனக்குத் தெரியாதா? தினமும் மாலை என் மடியிலிருந்து அதைத்தான் தட்டிவிட்டு எழுகிறேன். ஆனால் லேபில் என்றால் மெழுகு, வீட்டில் என்றால் பூஞ்சை என்று என் புத்தி அன்றைக்குத் தனித்தனி டப்பாவில் இருந்தது.

அன்று மத்தியானமே லிஃப்ட்காரர் வந்து உருளையை வாங்கிக்கொண்டு போயிருந்தார். "போட்டுப் பாத்தோம், உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டேன். பாவம், மொகம் சுருங்கிப் போச்சு" என்றாள் அண்ணி.

"போட்டுப் பாத்தோம்னு ஏன் சொன்னீங்க? அது விதிக்கு விரோதம்."

"ஆமா, பெரிய விதி. போலீஸ் வந்து புடிச்சிட்டுப் போகுது!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெயரில்லா உருளை நாள். நான் போவதாக இல்லை. திங்கட்கிழமை காலைக்குள் ஒரு டாக்டருக்கு முழுச் செட் கொடுத்தாக வேண்டும், வீட்டிலேயே உட்கார்ந்து பல் அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது. ஒரு பாட்டு போடலாமென்று "பேசும் தலை"யை எடுத்தேன். நெற்றியில் பூதக்கண்ணாடி தயாராக இருந்ததால், அதைக் கண்ணுக்கு இறக்கிக் கல்லைப் பார்த்தேன்.

விளிம்பு கூர். விளிம்பில் ஒரு மெழுகு இழை சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

மற்ற டப்பாவைத் திறந்து பார்த்தேன். உருண்டை. மறுபடி இதைப் பார்த்தேன். கூர். மூடிகளைப் பார்த்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"அண்ணி!"

அண்ணி ஓடிவந்தாள். விளக்கிச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாம பேசினது எல்லாமா?"

"எல்லாம்."

"பாலிஷ் பிரஷ்ஷுமா?"

"அதுவும்."

"நான் ஊதினது?"

"அண்ணி! பத்தரைக்குக் கூட்டம். முப்பத்துநாலு பேரு முன்னால போடப்போறாங்க!"

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "போன் பண்ணு, போன் பண்ணு" என்று கையை மட்டும் ஆட்டினாள். பண்ணினேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூட்டத்தில் போனை அணைக்க வேண்டும் என்பது சங்க விதி. இந்த மனிதர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அணைத்துவிடுவார்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் திட்டம் போட்டேன். ஒன்று: உருளையில் பூஞ்சை, போட்டால் சங்கத்துப் பெட்டி கெட்டுவிடும் என்று சொல்லித் தடுப்பது. இரண்டு: மயங்கி விழுவது. மூன்று: கை தவறியதுபோல் உருளையைக் கீழே போட்டு உடைப்பது. மூன்றாவதை நினைத்த மாத்திரத்தில் என் கையை நானே அடித்துக்கொண்டேன். நூறு வருட மெழுகு! நிஜக் காரணத்தைச் சொல்லித் தடுக்கவும் வழியில்லை. சொன்னால், விதியை மீறிப் போட்டுப் பார்த்தது வெளியே வரும்; என்ன பதிந்தது என்று கேட்பார்கள்; அதற்குப் பேசாமல் உருளையையே போட்டுவிடலாம். எதிர் இருக்கைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நெற்றியில் பூதக்கண்ணாடி இருந்ததும், கையில் ஒரு கடைவாய்ப் பல் இருந்ததும் இறங்கும்போதுதான் தெரிந்தது.

சங்கக் கூடம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில். படிகளை இரண்டிரண்டாகத் தாவி உள்ளே நுழைந்தபோது தலைவர் மேடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"உறுப்பினர்களின் கனிவான கவனத்திற்கு! எண் ஐந்து, ராணுவ பாண்டு வாத்தியம், முடிவுற்றது. எண் ஆறு, இன்னும் சில நொடிகளில்."

இன்னும் இரண்டு உருளைதான். லிஃப்ட்காரர் எப்போதும்போல் இரண்டாம் வரிசை, மூன்றாம் நாற்காலியில் இருந்தார். மடியில் அட்டைக் குழாய். வரிசையில் புகுந்து, நான்கு பேர் காலை மிதித்து, பக்கத்து நாற்காலியில் விழுந்தேன். அவர் திரும்பினார்.

மீசை இல்லை.

மூக்குக்குக் கீழே, மற்ற முகத்தைவிட ஒரு நிறம் வெளுத்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஒரு பட்டை இருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றார்.

"மீசை எங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"எடுத்துட்டேன்."

"எப்ப?"

"வியாழக்கெழம சாயங்காலம்."

மத்தியானம் உருளையை வாங்கியிருக்கிறார். சாயங்காலம் மீசையை எடுத்திருக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று கணக்குப் போடக் கணித ஆசிரியர் தேவையில்லை.

"போட்டுப் பாத்தீங்களா?"

"ம்."

"விதி இருக்குல்ல?"

"நீங்களும் போட்டீங்கல்ல?"

எனக்குக் காது, கன்னம், கழுத்து எல்லாம் சுட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்பு வந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன். எண் ஆறில் யாரோ ஒரு பெண் குருவிமாதிரிப் பாடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் கண்மூடி ரசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டுவிட்டார், சரி. அது இனி நடந்து முடிந்த விபத்து. ஆனால் மீதி முப்பத்திரண்டு பேர்? இந்த மருந்துக் கடைக்காரர்? என் முதலாளியின் மைத்துனரான இந்தக் கண்ணாடிக் கடைக்காரர்?

"எழுந்திரிங்க, போயிரலாம்" என்றேன்.

"பட்டியல்ல பேரு இருக்கு."

"பட்டியல் கெடக்குது!"

"அச்சடிச்சுட்டாங்க."

குருவிப் பாட்டு முடிந்தது. கைதட்டல். நான் எழுந்து நின்றேன்.

"தலைவரே, எண் ஏழுல பூஞ்சை இருக்கு. நான்தான் தொடச்சேன், எனக்குத் தெரியும். போட்டா பெட்டி கெட்டுப்போயிரும்."

"பல் மேடம் தொடச்சதுல பூஞ்சையா?" தலைவர் சிரித்தார். கூடமும் சிரித்தது. "அப்ப அவங்க செய்யற பல்லுலயும் சொத்தை இருக்கும்! எண் ஏழு அட்டவணைப்படியே புறப்படும்."

முதல் திட்டம் முடிந்தது. இரண்டாவதற்கு விழ இடம் பார்த்தேன். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. விழுந்தால் மருந்துக் கடைக்காரர் மடியில்தான் விழ வேண்டும். அதற்குள் லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். குழாயைத் திறந்து, இரண்டு விரல்களை உருளையின் உள்ளே விட்டு விரித்து, மெழுகின் மேல் ஒரு ரேகைகூடப் படாமல் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். மூன்றாவது திட்டத்துக்கு நான் அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும். அந்தக் கையையா?

உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

சாவி கொடுக்கும் சத்தம். தலை இறங்கும் சத்தம்.

கர்ர்ர் என்று ஓர் இரைச்சல்.

அண்ணியின் "ஏய்!" வருவதற்காக நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. இரைச்சல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கண்ணைத் திறந்தேன். எல்லோரும் முன்னால் சாய்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்திருந்தார்கள்.

"மழ பேயற மாதிரி இருக்கு" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"கடல வறுக்கற மாதிரி இருக்கு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

இரண்டு நிமிடம் முடியப்போகும் இடத்தில், இரைச்சலுக்கு நடுவே, "ஃபூ" என்று ஒன்று கேட்டது.

"காற்று" என்று தீர்ப்புச் சொன்னார் தலைவர். அது காற்றில்லை. என் அண்ணி. அவள் குரலே போன பிறகும் அவள் ஊதினது போகவில்லை. நான் கைக்குட்டையை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"எண் ஏழு, காலி உருளை. ரத்து செய்யப்படுகிறது. உறுப்பினர்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்திற்கு வருந்துகிறோம்."

லிஃப்ட்காரர் திரும்பிவந்து உட்கார்ந்தார். மேடையில் எண் எட்டைப் பெட்டியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் விரல்களிலிருந்து உருளையை வாங்கி, பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினேன். மூன்று நாளுக்கு முன் கீறிய தடம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுவர் நேராக, விளிம்பு பளபளவென்று இருக்க வேண்டும். இங்கே சுவரெல்லாம் சரிந்து, தடம் முழுக்க மாவுபோல் வெள்ளைப் பொடி. ஒருமுறை, ஐந்துமுறை போட்டதால் மெழுகு இப்படி ஆகாது.

"எந்தத் தலையில போட்டீங்க?"

"என் பெட்டியோடதுதான்."

"அது கெட்டி உருளைக்கு உண்டான தலை! கனம் தெரியுமா அதுக்கு? மென்மெழுகுல அதைப் போடலாமா? உழுது வெச்சிருக்கீங்க! மூணு வருஷமா சங்கத்துல இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

என் மானம் தப்பியதே அந்தப் பாழாய்ப்போன தலையால்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஓர் உருளையைக் கெடுத்துவிட்டாரே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா? எத்தன தடவ போட்டீங்க?"

எண் எட்டு தொடங்கியது. ஒரு மனிதர் ஏதோ நீளமான சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தன தடவ?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணா!"

"உஷ்!" என்றார் முன் வரிசைக்காரர்.

"மொதல் தடவ, யாரு பேசறாங்கன்னு புரியல" என்று லிஃப்ட்காரர் உருளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டாவது தடவ புரிஞ்சுது, நம்பிக்கை வரல. மூணாவது தடவ முடிஞ்சதும் போய் மீசைய எடுத்தேன். அப்புறம் நெனச்சுப் பாத்தேன். பட்டியல்ல பேரு அச்சாயிருச்சு. கொண்டு வரலேன்னா ஏன்னு கேப்பாங்க. கொண்டு வந்தா எல்லாரும் கேட்ருவாங்க."

இத்தனை வாக்கியங்களை அவர் வாயிலிருந்து நான் ஒருசேரக் கேட்டதே இல்லை.

"அழிக்கணும்னா கத்திய வெச்சு ஒரு சொரண்டு சொரண்டியிருக்கலாமே. ஒரு நிமிஷ வேல."

"கத்திய எடுத்தேன். மனசு வரல. அதான், கனமான தலையப் போட்டு, கேட்டுக் கேட்டே தேச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முப்பதுக்கு மேல உங்க கொரல் கொறஞ்சுருச்சு. அண்ணி மட்டும்தான் கேட்டாங்க. அவங்க போகவே மாட்டேன்னுட்டாங்க. இன்னிக்குக் காலையில ஒம்பது மணிக்குத்தான் ஒருவழியா அடங்கினாங்க" என்றார்.

அதோடு என் கைக்குட்டை தோற்றது. நான் சிரித்த சிரிப்பில் எண் எட்டின் சொற்பொழிவாளரே ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது.

"இரண்டாம் வரிசையில் இரைச்சல் செய்பவர்கள் உடனடியாக அமைதி காக்கவும்!" என்றது மேடை.

அமைதி காத்தோம். தோள்கள் மட்டும் குலுங்கின. அவர் முகத்தில் அந்த வெள்ளைப் பட்டை இரண்டு பக்கமும் நீண்டது. அவர் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியவே சற்று நேரம் ஆனது. மீசைக்குப் பின்னால் இத்தனை நாள் என்னென்ன நடந்ததோ! பல் வரிசையும் பார்த்தேன். மேல் இடது பக்கம் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. அதைத் தொடவே கூடாது, அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

பிறகு அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றி மாட்டினார். எண் எட்டு பாதி முடிந்திருந்தது. எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் சொல்லத்தான் பார்க்கிறார். இன்று சொல்வார், அல்லது அடுத்த வருடம் பெயரில்லா உருளை நாளில் சொல்வார்.

நான் யோசித்தேன், வழக்கம்போல் வரிசையாக. நானாகச் சொல்ல மாட்டேன், செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று ஒருத்தி சொன்னாள். எங்கே சொன்னாள்? மெழுகில். மெழுகில் இப்போது என்ன இருக்கிறது? வெள்ளைப் பொடி. காலி உருளை என்று சங்கத் தலைவரே அறிவித்து, முப்பத்துநான்கு பேர் முன்னிலையில் ரத்து செய்தாகிவிட்டது. அப்படியானால் அந்த வீராப்புக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?

அவர் காதுப் பக்கம் சாய்ந்தேன்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவர் அசையவில்லை. காது மட்டும் சிவந்தது. முதலில் விளிம்பு, பிறகு முழுவதும். உருளைக்குள்ளிருந்த சொற்பொழிவாளர் "ஆகவே" என்று சொல்லி மூச்சு வாங்கினார்.

"பதில் சொல்லுங்க" என்றேன். "சொல்லுங்கன்னா!"

லிஃப்ட்காரர் நேராக மேடையைப் பார்த்தபடி, அந்தத் திரும்பிய பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். இந்தத் தடவை மேடைக்கே கேட்டது. தலைவர் பெட்டியை நிறுத்தினார், மருந்துக் கடைக்காரர் நாற்காலியோடு திரும்பினார், முப்பத்திரண்டு பேரும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து அவர் பதிலுக்காக முன்னால் சாய்ந்தார்கள்.